முழுக்கிளிக்கு ஒரு வருஷத் திட்டம்

மந்திக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு நாங்கள் கோபப்படுவதில்லை. எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நாங்களே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

எங்கள் ஊரில் ஒரு பூத்தையல் சங்கம் இருக்கிறது. துணியில் வண்ண நூலால் பூ, கொடி, பறவை போடுவதுதான் வேலை. தலைவி செங்கமலம். அறிவு அதிகம் என்பதால் தலைவி ஆனாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளே அப்படி நினைத்ததில்லை. முதல் கூட்டத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குக் கால் மரத்துப்போய் எழுந்து நின்றாள். நிற்கிறவள்தான் தலைவி என்று முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து கூட்டம் முடியும்வரை அவள் உட்காருவதில்லை, பதவி போய்விடும் என்ற பயம்.

அவளைத் தவிர சங்கத்தில் மூன்று பேர். ஆவுடையப்பன் ஊர்த் தையல்காரர். முதலில் வெட்டிவிட்டுப் பிறகுதான் அளவெடுப்பார், எவ்வளவு குறைகிறது என்று அப்போதுதானே தெரியும். இசக்கியம்மாவுக்கு நிறங்களைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. பிச்சம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க மட்டும் தெரியும். அதை அவள் இடம் பொருள் பார்க்காமல் செய்வாள். கோணி ஊசி, சேப்டி பின், ஒருமுறை அவள் புருஷனுக்குப் போட வந்த நர்சம்மாவின் ஊசி எல்லாவற்றிலும் நூல் கோத்திருக்கிறாள்.

சங்கத்தின் சிறப்பு பாதிக்கிளி. வருஷா வருஷம் ஆசையாகக் கிளி போட ஆரம்பிப்பார்கள். மூக்கு வரும், கழுத்து வரும், அதோடு நின்றுபோகும். எங்கள் ஊரில் தலையணை உறை, மேசைவிரிப்பு, கைக்குட்டை எதைப் புரட்டினாலும் கழுத்துக்குக் கீழே இல்லாத கிளி ஒன்று நம்மைப் பார்க்கும்.

இப்படி இருக்கையில் பங்குனியில் செங்கமலத்தின் மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கல்யாணம் அடுத்த தையில். மாப்பிள்ளையின் அம்மா வடிவாம்பாள் டவுனில் தையல் டீச்சர். நிதானமான பெண்மணி. தாம்பூலம் மாற்றிக்கொண்டதும் செங்கமலத்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சம்பந்தியம்மா, எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தச் சேலை முந்தியில பொண்ணோட அம்மை கைவேலையா ஒரு கிளி போட்டிருக்கணும். மண்டப வாசல்ல ஆரத்தி எடுக்கப்போ பொண்ணைத் திருப்பி நிறுத்தி முந்திய எல்லாரும் பாப்பாவ. அதுக்கப்புறந்தான் உள்ள கூட்டிட்டுப் போவோம்."

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை தன் முழங்கைக்கு அடியில் இருந்த தலையணை உறையில் விழுந்தது. அங்கே ஒரு கிளி மேலே பாதியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

"முழுக்கிளியா இருந்தா நல்லது," என்றாள் மெதுவாக. "அவசரமே இல்ல. வருஷம் பூரா கெடக்கு. உக்காந்து ஒரு திட்டம் போட்டுக்கிடுங்க. எல்லா வேலைக்கும் மாசம் ஒதுக்கிருங்க, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது."

அன்றைக்குச் செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைப் பார்த்து ஊர் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள், பழகிப்போன விஷயம். கோமதியை மண்டப வாசலில் முதுகு காட்டி நிற்கவைத்து, பாதிக்கிளியைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் அதில் சேர்ந்துகொள்ள அவளால் முடியாது. இந்த ஒரு கிளியையாவது வால்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

சித்திரை பிறந்ததும் சங்கம் கூடியது. செங்கமலம் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா வேலைக்கும் மாசம் ஒதுக்கணும்னு சொன்னாவளோ?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாதாம்."

"அப்படின்னா ஒரு சந்தேகம். இப்ப நாம திட்டம் போடுதோம்லா, இது வேலையா, வேலை இல்லையா?"

இது யாருக்கும் தோன்றாத கேள்வி. எல்லாரும் யோசித்தார்கள்.

"எனக்கு இடுப்பு வலிக்கு," என்றாள் இசக்கியம்மா. "வேலையாத்தான் இருக்கணும்."

"அப்ப இதுக்கும் ஒரு மாசம் ஒதுக்கணும்."

சித்திரை திட்டம் போட ஒதுக்கப்பட்டது. போட்ட திட்டம் சரியா என்று பார்ப்பதும் வேலைதான் என்பதால் வைகாசி அதற்குப் போனது. இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் களைத்துப்போவார்களே என்று ஆனியை ஓய்வுக்கு வைத்தார்கள். ஆடியில் காற்று அடிக்கும், நூல் பறக்கும், அதைப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும் என்றாள் இசக்கியம்மா. அதனால் ஆடிக்கு நூல் பிடிக்கிற வேலை. ஆவணியில் பழைய பாதிக்கிளிகளுக்கு ஒரு வழி பண்ணுவது. புரட்டாசியிலிருந்து முகூர்த்தச் சேலை. திட்டம் முழுசாக முடிந்தபோது செங்கமலத்துக்கே தங்கள் புத்திசாலித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆனியில் வடிவாம்பாள் போன் பண்ணினாள்.

"வேலை எப்படிப் போகுது சம்பந்தியம்மா?"

"திட்டப்படியே போகுது. ஒரு நாள்கூடப் பிசகல."

"ரொம்பச் சந்தோசம். ஓயாம தைக்காதீங்க, கண்ணு கெட்டுப்போகும். நடுவுல கொஞ்சம் ஓய்வும் எடுங்க."

"அதைத்தான் மும்முரமா எடுத்துக்கிட்டு இருக்கோம்," என்றாள் செங்கமலம், முழு உண்மையாக.

ஆடியில் சிக்கல் வந்தது. நூலெல்லாம் பெட்டிக்குள் சமர்த்தாக இருந்தது, பறக்கவே இல்லை. பறக்காத நூலைப் பிடிக்க முடியாது. பிடிக்காவிட்டால் திட்டம் கெட்டுவிடும். வேறு வழியில்லாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். பிறகு மாதம் முழுவதும் வயல், முள்காடு, டீக்கடைக் கூரை என்று அலைந்து பிடித்தார்கள். ஒரு பச்சை நூல்கண்டு மட்டும் கனமாக இருந்ததால் பறக்காமல் தப்பியது.

ஆவணியில் ஆவுடையப்பன் ஒரு யோசனை சொன்னார். "இத்தனை பாதி இருக்கு. ரெண்டு பாதி சேந்தா ஒரு முழுசு. இதுக்கு எதுக்குத் தைக்கணும்?" எல்லாப் பாதிக்கிளியையும் வெட்டி எடுத்து இரண்டிரண்டாக ஒட்டுப்போட்டார். எங்கள் ஊரில் எல்லாரும் மூக்கிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. கடைசியில் வால் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு தலையோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாத கிளிகள் கிடைத்தன. செங்கமலம் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏனோ தன் சங்கத்தையே பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

புரட்டாசியில் அரக்குப் பட்டுச் சேலை வந்து சேர்ந்தது. செங்கமலம் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "இதுவும் பாதியில நின்னுருமோ?" என்றாள்.

"நம்ம கிளியெல்லாம் ஏன் பாதியில நிக்குன்னு யோசிச்சியளா மதினி?" என்றாள் இசக்கியம்மா. "முதல்ல மூக்கைப் போட்டுருதோம். மூக்கு வந்தா பசி வரும். திங்கதுக்கு ஒண்ணும் போடல. பசியோட இருக்க உசுரு எப்படி வளரும்?"

பிச்சம்மா தன் வீட்டுத் தலையணையை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக அதன்மேல் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாளே!

"அப்ப முதல்ல மாம்பழம் போடணும்," என்றாள் செங்கமலம். "அப்புறம் கிளி."

"புரட்டாசியில மாம்பழத்துக்கு எங்க போவ?" என்றார் ஆவுடையப்பன். "பருவம் இல்லாத காலத்துல பழத்தைத் தச்சா அது பொய்யில்லா? கல்யாணச் சேலையில பொய் இருக்கலாமா? அடுத்த சித்திரைவரை பொறுக்கணும்."

தையில் கல்யாணம். செங்கமலத்துக்கு வியர்த்துவிட்டது. ஊசியின் பின்பக்கத்தால் தலையைச் சொறிந்தாள். அவள் யோசிக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம்; வேறு அடையாளம் வெளியே தெரிவதில்லை.

"மாங்கா ஊறுகா இருக்கே!" என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பரணி நிறைய ஊறுகாய் தைப்பது என்று தீர்மானமானது. உடனே பிச்சம்மாவுக்கு ஒரு கவலை. "ஊறுகா உறைக்கும்லா மதினி? தண்ணி வேண்டாமா?" பரணிக்குப் பக்கத்தில் ஒரு குடம் சேர்ந்தது. குடத்துத் தண்ணீர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் ஆவுடையப்பன். ஒரு கிணறு சேர்ந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தபோது செங்கமலம் கையை நீட்டித் தடுத்தாள். முந்தியில் இடம் இல்லை. "கிளிக்குத்தான் றெக்கை இருக்கு. வேணும்னா பறந்து போயி குடிச்சிக்கிடட்டும்," என்றாள். அன்று அவள் தலைமைக்கு மரியாதை கூடியது.

எப்படித் தைப்பது என்று வடிவாம்பாளிடமே போனில் கேட்டார்கள்.

"சாதா சங்கிலித் தையலே போதும் சம்பந்தியம்மா. ஒண்ணே ஒண்ணு, பின்பக்கம் முடிச்சு தெரியக் கூடாது. எங்க பெரியம்மை துணியத் திருப்பிப் பாப்பா."

போனை வைத்ததும் ஆவுடையப்பன் விளக்கினார். "முடிச்சு எப்ப விழுது? நூல் தீரும்போது. நூல் தீராட்டா முடிச்சே இல்ல. அதனால துண்டு துண்டா வெட்டாம, ஒரே நூலா மொத்தச் சேலையும் தச்சிரணும்."

ஒரே நூல் என்றால் ஒரே நிறம். ஆடியில் பறக்காமல் தப்பிய அந்தப் பச்சைக் கண்டுதான் அறுபடாமல் இருந்தது. இசக்கியம்மா நெடுநேரம் யோசித்துச் சம்மதித்தாள். கிளி பச்சை. மாங்காய் பச்சை. கிணற்றில் பாசி பிடித்தால் பச்சை. குடம் பிளாஸ்டிக் குடம். மூக்கு மட்டும் சிவப்பாச்சே என்றாள் பிச்சம்மா. "இன்னும் பழுக்கல," என்றாள் இசக்கியம்மா.

பிச்சம்மா கண்டைப் பிரித்து ஊசியில் கோத்தாள். செங்கமலம் முதல் குத்துக் குத்தினாள். நூலை முழுக்க இழுத்தால்தானே தையல் விழும்? பிச்சம்மா ஊசியைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் நடந்தாள். பிள்ளையார் கோயிலைக் கடந்து, ரேஷன் கடையைக் கடந்து, குளக்கரை வரை போனாள். அங்கே நூல் விறைத்ததும் திரும்பி வந்து ஊசியைக் கொடுத்தாள். செங்கமலம் இரண்டாவது குத்துக் குத்தினாள். பிச்சம்மா மறுபடி கிளம்பினாள்.

ஊர் இதற்கு ஒத்துழைத்தது. மத்தியான பஸ் நூலுக்கு முன்னால் நின்று போயிற்று. சிலர் தெருவில் ஓடும் நூலில் துணி காயப்போட்டார்கள். அடுத்த தையலுக்குச் சிரமம் பார்க்காமல் துணியை எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, "என்னம்மா இது, ரோட்டுக்குக் குறுக்கே?" என்று கேட்டார். "பரணியோட கழுத்து," என்றாள் பிச்சம்மா, நடையை நிறுத்தாமல். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

தைக்கத் தைக்க நூல் குறைந்தது, தூரமும் குறைந்தது. ஐப்பசி மழையில் பிச்சம்மா குடை பிடித்துக்கொண்டு ரேஷன் கடை வரை போனாள். கார்த்திகையில் பிள்ளையார் கோயிலோடு திரும்பினாள். மார்கழியில் வாசல்படியோடு சரி. அதற்குள் பரணி, குடம், கிணறு எல்லாம் முடிந்து கிளியும் வந்திருந்தது. மூக்கு வந்தது. கழுத்து வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இறக்கை வந்தது. ஒரு நாள் காலையில், எங்கள் ஊர் அதுவரை கண்டிராத ஒன்று, வால் வந்தது. ஊரே வந்து வரிசையில் நின்று வாலைப் பார்த்துவிட்டுப் போனது.

கண் மட்டும் பாக்கி. கண்ணை முன்னாலேயே வைத்தால் ஊசி வருவதைப் பார்த்துக் கிளி மிரளும் என்று கடைசிக்கு வைத்திருந்தார்கள். கடைசி என்றால் கடைசியாகவே இருக்கட்டும் என்று கல்யாணத்தன்று காலை, மண்டபத்துக்குப் போகிற வேனில், சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோமதியின் முந்தியைப் பிடித்துச் செங்கமலம் கண்ணை வைத்தாள்.

முழுக்கிளி. இந்தக் கோடியில் ஒரு தலை, அந்தக் கோடியில் ஒரு தலை என்று இல்லை. தலை ஒன்று, வால் ஒன்று. செங்கமலம் தேம்பித் தேம்பி அழுதாள். "என் வாழ்நாள்ல ஒண்ணை முடிச்சிட்டேன்டி," என்றாள். கோமதியும் அழுதாள். மை கலைந்துவிடும் என்று இசக்கியம்மா இருவரையும் அதட்டிவிட்டுத் தானும் அழுதாள்.

மண்டபம் வந்தது. கூட்டத்தில் ஊசி யார் காலிலாவது ஏறிவிடும் என்று செங்கமலம் அதை வேனின் சீட்டில் பத்திரமாக, ஆழமாகக் குத்தி வைத்தாள்.

"நூலை அறுத்திரட்டா?" என்று ஆவுடையப்பன் கத்தரியை எடுத்தார்.

"அறுக்கணும்னு சம்பந்தியம்மா சொல்லலையே அண்ணாச்சி. அவுக பாத்துச் சொல்லட்டும்."

கோமதி இறங்கினாள். வேனிலிருந்து ஒரு பச்சை நூல் அவள் பின்னாலேயே வந்தது.

சங்கிலித் தையலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வளையத்தை முடிச்சுப் போட்டு நிறுத்தாவிட்டால், நூலை இழுத்ததும் அது வந்த வழியே ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். தெரிந்தவர்கள் எங்கள் சங்கத்தில் இல்லை.

வாசலில் ஆரத்தித் தட்டோடு வடிவாம்பாள் நின்றாள். அவள் சொந்தக்காரர்கள் திரளாகக் கூடியிருந்தார்கள். பெரியம்மை கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கோமதியைத் திருப்பி நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்து, ஊரில் மிச்சம் இருப்பவர்களை ஏற்றிவர வேன் புறப்பட்டது.

முதலில் கண் போயிற்று. செங்கமலம் தனக்குத்தான் பார்வை மங்குகிறது என்று நினைத்தாள். பிறகு வால் போயிற்று. வேன் தெருமுனையில் திரும்பும்போது இறக்கை போயிற்று. மெயின் ரோட்டில் அது வேகம் எடுத்தபோது கழுத்து, மூக்கு, கிணறு, குடம் எல்லாம் சரசரவென்று கிளம்பிப்போயின. பெரியம்மை கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தபோது ஊறுகாய்ப் பரணியின் மூடி மட்டும் இருந்தது. அதுவும் அவள் கண்ணெதிரே போயிற்று.

"எங்க கிளி?" என்றாள் பெரியம்மை.

கோமதி முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். அவள் தோள் லேசாகக் குலுங்குவது செங்கமலத்துக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் பயந்த சிரிப்பு இதோ வரப்போகிறது. செங்கமலம் தலையைச் சொறிந்தாள். ஊசிகூட இல்லை, வெறும் விரல்.

"பறந்துட்டு," என்றாள்.

"என்னது?"

"பறந்துட்டு பெரியம்மை. கண்ணை வச்சோம், வழி தெரிஞ்சிட்டு, போயிட்டு." அதோடு அவள் விடவில்லை. "பாதிக்கிளி பறக்குமா? நீங்களே சொல்லுங்க. எங்க ஊர்ல எத்தனையோ பாதிக்கிளி இருக்கு, ஒண்ணாவது தலையணைய விட்டு எந்திரிச்சிருக்கா? இது முழுசு. அதான் பறந்துச்சு."

பெரியம்மை பக்கத்திலிருந்த தன் தம்பியைப் பார்த்தாள். தம்பி மோவாயைத் தடவினார். "பாதிக்கிளி பறக்காது. நியாயந்தானே," என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் நியாயந்தான் என்றார்கள். முட்டாள்தனம் மந்திக்குளத்துக்கு மட்டும் சொந்தம் என்று நாங்கள் எத்தனை கர்வமாக இருந்தோம்!

வடிவாம்பாள் முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் தையல் டீச்சர். பட்டில் வரிசையாக ஊசித் துளைகள் இருந்தன. ஒரு கிணறு, ஒரு குடம், தலையிலிருந்து வால்வரை ஒரு கிளி. துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். செங்கமலத்தின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை ஆரத்தித் தட்டை உயர்த்தி மறைத்துக்கொண்டாள்.

"முடிச்சே இல்ல பெரியம்மை," என்றாள். "ரொம்ப சுத்தமான வேலை. நீ உள்ள வா கோமதி."

நாதசுரம் முழங்கியது. தாலி ஏறியபோது மாப்பிள்ளை வீட்டார் அட்சதையை மணமக்கள்மேல் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக வெளியே போட்டார்கள். பாவம், காலையிலிருந்து கிளி ஒன்றும் சாப்பிடவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோதே சங்கம் அடுத்த வருஷத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டது. முதல் வேலை கூண்டு தைப்பது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

"கதவைத் திறந்து தைக்கணுமா, மூடித் தைக்கணுமா?" என்றாள் இசக்கியம்மா.

"திறந்து தச்சா பறந்துரும்," என்றார் ஆவுடையப்பன்.

"மூடித் தச்சா நாம எப்படி உள்ள போயி கிளி தைக்க?" என்றாள் பிச்சம்மா.

செங்கமலம் இலையை விட்டு எழுந்து நின்றாள். தலைவி பேசப்போகிறாள் என்று எல்லாரும் கையை நிறுத்தினார்கள். "நாம முதல்ல உள்ள போயிருவோம். அப்புறம் கதவை மூடிக்கிட்டு நிம்மதியா தைப்போம்," என்றாள்.

ஆவுடையப்பன் உடனே சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, பாயசக் கையோடு, கூண்டுக்காக ஒவ்வொருவரையும் அளவெடுக்க ஆரம்பித்தார். பிச்சம்மா மட்டும் ஒரு திருத்தம் கேட்டாள். கூண்டு அகலமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளக்கரை வரை நீளமாக இருக்கட்டும் என்றாள்.